மப்டி

முதுநகர் தனிப்பிரிவு ஏட்டு நான்.
பேர் தண்டபாணி. ரகசியம்.
ரயிலடி டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள்,
வீட்டுக்கு வழியும் சேர்த்து.

மப்டி என்றால்
நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை,
கீழே அதே பழுப்பு ஷூ.
மாற்றச் சொல்லி மூன்று இன்ஸ்பெக்டர்கள் திட்டிவிட்டார்கள்.
கவர்மென்ட் ஷூவுக்குத்தான் காசு தருகிறது,
செருப்புக்குத் தருவதில்லை.

போன செவ்வாய் இரண்டாம் ஆட்டம் போனேன்.
உளவாளிப் படங்களை நக்கலடித்து ஒரு படம்.
அசல் படங்கள் எனக்கு அரை டிரவுசரிலிருந்தே பழக்கம்.
வெள்ளைக்காரன் வாயை மூடிய பிறகும்
தமிழ் இரண்டு சொல் கூடப் பேசும்.
பனிமலையில் சறுக்கி, ரயில் மேல் ஓடி,
கோட்டு கசங்காமல் விருந்துக்குள் நுழைவான்.
ரகசிய ஏஜென்ட்.
நுழைந்ததும் முதல் வேலையாக
எல்லாருக்கும் முழுப்பேரைச் சொல்வான்.
அப்போது அது தப்பாகவே படவில்லை எனக்கு.
வில்லனும் லேசுப்பட்டவனில்லை,
கொல்லுவதற்கு முன் வரைபடத்தை விரித்து
குச்சியால் தொட்டுத் தொட்டுத் திட்டம் சொல்வான்.

நக்கல் படத்தில்
கட்டிப்போட்ட உளவாளி நடுவிலேயே தூங்கிவிட்டான்.
"எதுவரைக்கும் கேட்டே?" என்று
வில்லன் எழுப்பிக் கேட்கிறான்.
துப்பாக்கிப் பேனா சுடவில்லை,
எழுதவுமில்லை.
கொட்டகை குலுங்கியது.
பிறகு பஸ் ஸ்டாண்டில்
பேப்பரில் இரண்டு ஓட்டை போட்டு
அதன் வழியே பார்க்கிறான் அவன்.
பேப்பர் தலைகீழ்.

பின்வரிசையில் ஒரு குரல்:
"டேய், நம்ம ஏட்டய்யா!"

நானும் சிரித்தேன்.
சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வேன்.

ஒன்று சொல்லவேண்டும்.
ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் இரண்டு வருஷம் நின்றவன் நான்.
கார் அடியில் ராக்கெட் வைப்பதெல்லாம்
கம்பெனிக்காரன் செலவு.
புதுச்சேரி சரக்கு
நிறைமாத வயிற்றுக்குள் கிணுகிணுத்து வந்ததைக் கேட்டிருக்கிறேன்.
பிண ஊர்தியில் பிணத்துக்குப் பக்கத்தில் வந்தது,
பிணமும் சொந்தப் பிணம்தான்.
ஒருத்தன் பலாப்பழத்தைக் குடைந்து நிரப்பியிருந்தான்.
அவனை மட்டும் பிடித்துவிட்டேன்.
பண்ருட்டிக்கு எவனாவது பலாப்பழம் கொண்டுபோவானா?

சரி. வெள்ளிக்கிழமை
கழிவுத் தண்ணீரை எதிர்த்துக் குப்பத்தில் கூட்டம்.
படகு நிழலில் நின்றேன், யாருக்கும் தெரியாமல்.
மஞ்சினியே வந்து நாற்காலி போட்டான்.
"போன தடவை நாப்பது பேருன்னு எழுதினீங்களாம்.
எம்பத்திரண்டு சார். எண்ணிக்குங்க.
என் இனிஷியல் கா. நீங்க தா போட்டிருக்கீங்க."
அடித்துத் திருத்தினேன்.
டீ வந்தது, சர்க்கரை கம்மி.
அதுவும் தெரிந்திருக்கிறது.

கம்பெனி ஜீப் வந்தது.
கோஷம் ஏறியது.
கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு எல்லாரும் ஜீப்பைப் பார்த்தார்கள்.
நான் மட்டும் கல் வந்த பக்கம் பார்த்தேன்,
இருபத்தாறு வருஷப் பழக்கம்.
பள்ளிக்கூட யூனிபார்ம், ஒற்றைப் பின்னல்,
விரலில் இன்னும் மணல்.
மஞ்சினியின் ஜாடை.
அவளும் என்னைப் பார்த்தாள்.

படங்களில் இந்த இடத்தில்
காகிதத்தை மென்று விழுங்குவார்கள்.
எனக்கு வாயில் டீ இருந்தது.
விழுங்கினேன். பேனாவை மூடினேன்.

ராத்திரி அறிக்கையில்
கூட்டம்: எண்பத்திரண்டு.
தலைமை: கா. மஞ்சினி.
சேதம்: கண்ணாடி ஒன்று.
கல் வந்த திசை: கிழக்கு.

படித்துவிட்டு அதிகாரி தலை நிமிர்ந்தார்.
"கிழக்கே கடல்தானேய்யா இருக்கு.
கடலா கல்லெறிஞ்சுது?"

"விசாரிக்கிறேன் சார்" என்றேன்.